களத்து நெல்லும் பின்னக் கணக்கும்: உணவுப் பங்கீட்டுப் புதிர்கள் காட்டும் நியாயம்

ஆய்வுச் சுருக்கம்

உணவுப் பொருளைப் பலருக்குப் பகிரும் கணக்குகள் பழைய கணித நூல்களில் புதிர்களாக இடம்பெற்றுள்ளன. அவை எழுப்பும் வினா களத்தில் நெல்லைப் பங்கிட்ட உழவரின் வாழ்விலும் எழுந்ததே. பங்கின் விகிதத்தை மட்டுமன்றி, அது எந்த முழுமையிலிருந்து, எந்த வரிசையில் எடுக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தே நியாயம் அமைகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முன்னுரை

திருப்பூர் மாவட்டம் இன்று பின்னலாடைத் தொழிலால் அறியப்படுகிறது. ஆயினும் அதன் தென்பகுதியில், மடத்துக்குளம் வட்டத்தில் அமைந்த கணியூர், அமராவதி ஆற்றின் பழைய வாய்க்கால் பாசனத்தைச் சார்ந்த ஊராகும். 1950களில் அமராவதி அணை கட்டப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வாற்றின் வாய்க்கால்கள் நெல் வயல்களுக்கு நீர் தந்தன. இத்தகைய ஊர்களில் பங்கீடு இருமுறை நிகழ்கிறது: முதலில் ஆற்றில் நீருக்கு, பின்னர் களத்தில் நெல்லுக்கு. இரண்டையும் விளங்கிக்கொள்ள ஒரு பழைய மாம்பழக் கணக்கு துணைசெய்கிறது.

மாம்பழக் கணக்கு

இராட்டிரகூட மன்னன் அமோகவர்சன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், சமணக் கணித அறிஞர் மகாவீரர் கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். பேராசிரியர் எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இதனைப் பதிப்பிக்க, 1912இல் சென்னையில் வெளிவந்தது. அந்நூலின் கணக்கொன்று வருமாறு: ஒரு மாம்பழக் குவியலில் அரசன் ஆறில் ஒரு பங்கை எடுத்தான். எஞ்சியதில் அரசி ஐந்தில் ஒரு பங்கையும், அடுத்தடுத்து எஞ்சியவற்றில் இளவரசர் மூவர் முறையே கால், மூன்றில் ஒன்று, அரை ஆகிய பங்குகளையும் எடுத்தனர். கடைசிச் சிறுவனுக்கு மூன்று பழங்கள் கிடைத்தன. மொத்தம் எத்தனை?

இறுதியிலிருந்து பின்னோக்கிச் சென்றால் விடை எளிதில் கிடைக்கும். மூன்று பழம் எஞ்சியது பாதி எடுத்த பின் என்பதால் அதற்கு முன் இருந்தவை 6. அவ்வாறே 9, 12, 15, 18 எனக் குவியல் வளர்கிறது. விடை 18.

இக்கணக்கின் நுட்பம் விடைக்கு அப்பால் உள்ளது. பின்னங்கள் ஒவ்வொன்றும் வேறுபட்டவை. எடுப்போர் தகுதி வரிசையில் நிற்கின்றனர். ஆயினும் அறுவருக்கும் கிடைப்பவை மும்மூன்று பழங்களே. எடுக்கும் ஒவ்வொருவரும், தம்மையும் சேர்த்து இன்னும் பங்கு பெற வேண்டியோரின் எண்ணிக்கையாலேயே குவியலை வகுப்பது இதற்குக் காரணம். மாறாக, ஐவர் எஞ்சியதில் ஆறில் ஒன்றாகவே தொடர்ந்து எடுத்தால் அரசனுக்கு 3, அரசிக்கு இரண்டரை எனப் பங்கு குறைந்துகொண்டே வரும். மீதியெல்லாம் பெறும் கடைசிச் சிறுவனுக்கோ ஏழு பழத்துக்கு மேல் சேரும். சமமான பின்னம் சமமற்ற பங்கையும், சமமற்ற பின்னம் சமமான பங்கையும் தரக்கூடும்.

முந்திரியும் குறுணியும்

காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றின் கணக்குகளைச் செய்யுள்வழிக் கற்பித்தது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாயிற்று. அக்கல்வியின் பின்ன வரிசையில் கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஆகியன அடங்கும். ஐந்தில் ஒன்று என்பது சரியாக நான்கு மா. ஆனால் மூன்றில் ஒன்று இவ்வரிசையில் அடங்குவதில்லை. 320 என்பது 2, 5 ஆகியவற்றின் பெருக்கமாதலால் அது மூன்றால் மீதியின்றி வகுபடாது. 106 முந்திரியும் ஒரு முந்திரியின் மூன்றில் இரண்டுமாகக் கணக்கு நின்றுவிடும்.

நெல் அளவைகள் இக்குறையை நிரப்பின. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரு குறுணி ஒரு கலம். ஒரு கலத்தில் மூன்றில் ஒன்று நான்கு குறுணி. ஆறில் ஒன்று இரண்டு குறுணி. ஏட்டில் மீதி விழும் பங்கு மரக்காலில் மீதியின்றி அளக்கப்பட்டது. எனினும் மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியதால், எவருடைய மரக்கால் என்பதும் பங்கீட்டில் ஒரு வினாவாக இருந்தது.

களத்தில் வரிசை

செங்கல்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு மேற்கொண்ட அளவாய்வும், அதனோடு தொடர்புடைய தமிழ் ஓலைக் கணக்குகளும் களத்துப் பங்கீட்டை விரிவாகப் பதிவுசெய்துள்ளன. கோயில், கணக்கர், தச்சர், கொல்லர், காவலர், நீர்ப்பாசனம் என ஊரின் பல தேவைகளுக்கும் நெல் ஒதுக்கப்பட்டது. இத்தகைய ஒதுக்கீடு முன்னா பின்னா என்பதே மேல்வாரம், குடிவாரம் ஆகியவற்றின் உண்மை அளவை முடிவுசெய்யும்.

எடுத்துக்காட்டாக, விளைச்சல் 100 கலம், பொது ஒதுக்கீடு 10 கலம், நிலவுடைமையாளர் பங்கு 40 விழுக்காடு எனக் கொள்வோம். ஒதுக்கீட்டை முதலில் கழித்தால் எஞ்சும் 90 கலத்தில் உடைமையாளருக்கு 36, குத்தகை உழவருக்கு 54. உடைமையாளர் பங்கை முழுக் குவியலிலிருந்து எடுத்துவிட்டு ஒதுக்கீட்டை உழவரின்மேல் சுமத்தினால் உடைமையாளருக்கு 40, உழவருக்கு 50. விகிதம் மாறவில்லை; வரிசை மாறியதால் உழவர் வீட்டில் நான்கு கலம், அதாவது 48 குறுணி நெல் குறைகிறது.

1956ஆம் ஆண்டு சென்னை மாநிலச் சாகுபடிக் குத்தகைதாரர் நியாய வாரச் சட்டம் நன்செய்க்கு 40 விழுக்காட்டை நியாய வாரமாக வகுத்தது. இறைத்துப் பாய்ச்சும் நன்செய்க்கு 35, பிற நிலங்களுக்கு 33⅓ விழுக்காடு. பின்னர் வாரம் 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இச்சட்டம் விகிதத்தோடு நில்லாமல், அதனைக் கணக்கிடுவதற்குரிய முழுமை இயல்பான மொத்த விளைச்சலே என்றும் கூறியது கருதத்தக்கது.

வாய்க்கால் வரிசை

அமராவதியின் பழைய வாய்க்கால்கள் எட்டு. கல்லாபுரம், குமரலிங்கம் முதலியன கணியூருக்கு மேலே நீர் எடுப்பன. கடத்தூர், காரத்தொழுவு கீழே எடுப்பன. இது மாம்பழக் கணக்கின் வரிசையே. எட்டும் சம அளவு நிலமுடையன எனக் கொண்டால் முதல் வாய்க்கால் எட்டில் ஒன்று, அடுத்தது எஞ்சியதில் ஏழில் ஒன்று எனச் சென்று, கடைசி வாய்க்கால் மீதியைப் பெறுவதே சமப் பங்கு. ஆயக்கட்டுகள் சமமாக இராததால் பின்னங்கள் மாறும்; நெறி மாறாது. மேலே இருப்பவர் தமக்குப் பின் நிற்கும் நிலத்தையும் எண்ணி எடுக்காவிடில், கடைமடையின் களத்தில் பங்கிட நெல்லே இராது.

முடிவுரை

புதிரில் கடைசிச் சிறுவனின் பங்கு முன்கூட்டியே தரப்பட்டுள்ளது. அதிலிருந்துதான் முழுக் குவியலும் கணிக்கப்படுகிறது. களத்திலும் வாய்க்காலிலும் அந்த எண் எவராலும் தரப்படுவதில்லை. பங்கீட்டு முறை ஒன்றின் நியாயத்தை அறிய, இறுதியில் நிற்பவருக்கு எஞ்சுவதை முதலில் அளக்க வேண்டும் என்பதே இக்கணக்குகள் உணர்த்தும் நெறியாகும்.