வக்கீல்கள் வேஷம் கட்டிய கதை

பல்லாவரத்தை ஒட்டிய பம்மல் இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரை முன்னால் போட்டுக்கொண்ட சம்பந்த முதலியார் ஊரில் வளர்ந்தவர் அல்ல, பட்டணத்துப் பிள்ளை. தகப்பனார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் புத்தகத்துக்குக் குறைவில்லை. பையன் படித்ததோ மாநிலக் கல்லூரி. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நாடகத்தில் வேஷம் கட்டுவதென்றால், அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியமில்லை.

அவருக்கும் முதலில் அந்த எண்ணம் கிடையாது. தமிழ் நாடகம் என்றாலே அப்போது தமக்கு ஒரு வெறுப்பு இருந்தது என்று ‘நாடக மேடை நினைவுக’ளில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அன்றைய நாடகம் ராத்திரி தொடங்கினால் விடியும்வரை போகும். பாட்டுக்கு நடுவே அங்கங்கே வசனம், அதுவும் நடிகர் வாய்க்கு வந்தபடி. ஆனால் வெறுப்புக்கு ஆட்டத்தின் தரம் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. ஆடியவர்கள் யார் என்பதும் அதில் இருந்தது. ‘கூத்தாடி’ என்ற சொல்லை ஊரார் எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியாததா என்ன?

1891-ல் பெல்லாரியிலிருந்து சரஸ வினோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. பெல்லாரி அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர்தான். சபையை நடத்திய தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு வக்கீல்; நாடகம் எழுதுவார், நடிக்கவும் செய்வார். தெலுங்கில் துன்பத்தில் முடியும் நாடகத்துக்கு வழிபோட்டவர் அவர். அவருடைய ‘விஷாத சாரங்கதர’ அப்படிப்பட்டது. கூட நடித்தவர்களும் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். பதினெட்டு வயது சம்பந்தம் இதைப் பார்த்தார். நாடகம் பிடித்ததா என்றால் பிடித்தது. அதைவிட, பகலில் கோர்ட்டில் வாதாடுகிறவர் ராத்திரி முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு நின்றும் மரியாதை குறையாமல் வீட்டுக்குப் போகிறாரே, அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. தமிழில் இதை ஏன் செய்யக்கூடாது?

சில வாரங்களில் பதில் கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஏழு நண்பர்கள் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய எல்லாரும் இளைஞர்கள். கையில் நாடகம் இல்லை, மேடை இல்லை, பணமும் இல்லை. ஆனால் விதிமுறைகளும் சந்தாவும் கூட்டக் குறிப்பும் இருந்தன. கம்பெனி நாடகத்துக்கு ஒரு முதலாளி இருப்பார், சம்பளம் இருக்கும். இங்கே நடிகன் பணம் வாங்கமாட்டான், சந்தா கட்டுவான். இந்த ஒரு ஏற்பாட்டில்தான் சபையின் மானம் முழுவதும் அடங்கியிருந்தது. காசுக்கு ஆடினால் கூத்தாடி, காசு கொடுத்து ஆடினால் கனவான். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கணக்கு இல்லாமல் அந்த வீட்டுப் பிள்ளைகள் மேடையேறியிருக்க முடியாது.

அதே 1891-ல்தான் பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ அச்சில் வந்தது. அது படிப்பதற்கென்றே செய்யுளில் எழுதிய நாடகம். சம்பந்தம் போன வழி வேறு. பேச்சை உரைநடையில் எழுதினார். எழுதியதை அப்படியே பேச வேண்டும் என்றார். சபையில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எது வரும் என்று பார்த்துப் பாத்திரங்களை அமைத்தார். ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள் அவை. பாடத் தெரியாதவன் பாடவேண்டியதில்லை. வாட்டசாட்டமானவனுக்கு ராஜா வேஷம். புராணக் கதையை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு அவர் சொந்தமாகக் கட்டிய கதைகளையும் கொடுத்தார்.

முதல் நாடகம் ‘புஷ்பவல்லி’. சபை பிறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1893-ல், விக்டோரியா பப்ளிக் ஹாலில் அரங்கேறியது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடம் சிஷோம் வரைந்து நம்பெருமாள் செட்டி கட்டியது. சென்னை மக்கள் முதன்முதலில் சினிமாப் படம் பார்த்ததும் அங்கேதான். முதல் நாடகம் ஊரைக் கலக்கியது என்று சொன்னால் பொய். 1895-ல் ‘லீலாவதி சுலோசனா’வும் ‘மனோகரா’வும் வந்த பிறகுதான் சபைக்குக் கால் ஊன்றியது. குறித்த நேரத்தில் திரை தூக்குவது, மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடுவது என்ற பழக்கமெல்லாம் சபைகளின் கைங்கரியம். காலையில் ஆபீஸ் போகவேண்டியவர்கள் மேடையிலும் இருந்தார்கள், எதிரே நாற்காலியிலும் இருந்தார்கள். விடிய விடிய ஆடினால் யாருக்குக் கட்டும்?

ஷேக்ஸ்பியர் பிறகு வந்தார். ஹாம்லெட் ‘அமலாதித்திய’னாகவும், மாக்பெத் ‘மகபதி’யாகவும், வெனிஸ் வணிகன் ‘வாணிபுர வணிக’னாகவும் தமிழ் பேசினார்கள். பெண் வேஷமெல்லாம் ஆண்கள்தான். சம்பந்தத்துக்கு ஜோடியாகப் பல ஆண்டுகள் நாயகி வேஷம் போட்டவர் ரங்கவடிவேலு. 1923-ல் அவர் இறந்ததைப் பற்றி சம்பந்தம் எழுதியிருக்கும் பக்கங்கள் ஒரு நாடக ஆசிரியர் எழுதியது போலவே இருக்காது. துணையை இழந்தவர் எழுதியது போல இருக்கும். சபையின் உறுப்பினர் பட்டியலில் பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சத்தியமூர்த்தியும் உண்டு. அவருடைய மேடைப்பேச்சுக்கு இந்த மேடையும் ஒரு பள்ளிக்கூடம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1911-ல் சபை கப்பலேறிக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நாடகம் போட்டது. பெல்லாரிக்காரர்கள் சென்னையில் செய்த வேலையை இவர்கள் இலங்கையில் செய்துவிட்டு வந்தார்கள். சில ஆண்டுகளில் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையும் யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபையும் முளைத்தன. ஈழத்து நாடக முன்னோடி கலையரசு சொர்ணலிங்கம் பம்மல் சம்பந்தத்தையே தம் குருவாகச் சொன்னவர்.

சம்பந்தம் 1924-ல் ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியானார். தொண்ணூறுக்கு மேல் நாடகம் எழுதினார். 1959-ல் பத்மபூஷண் வந்தது, 1964-ல் மறைந்தார். சபைக்கு மவுண்ட் ரோட்டில் சொந்த இடம் அமைந்தது, டென்னிஸும் சீட்டும் வந்தன, நாடகம் மெல்ல மெல்ல ஒதுங்கி, அது கிளப்பாகவே நிலைத்துவிட்டது. ஆனால் ‘ஆபீஸ் போய்க்கொண்டே நாடகம் போடுகிறவர்’ என்ற பிறவி அழியவில்லை. 1952-ல் ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யுஏஏ நாடகக் குழு, கணக்காயர் அலுவலகத்து கே. பாலசந்தர், இப்போதும் கோடையில் சபா சபாவாகப் போகும் குழுக்கள் எல்லாம் அந்த 1891 வழித்தோன்றல்கள்தாம்.

இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மற்றொரு கோடியில், காஞ்சிபுரத்தில் நடந்தது. (காஞ்சிபுரம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்தது. 2019-ல் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தது.) இந்தப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக் கட்டை, மார்புக் கட்டை. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம். வக்கீல்கள் எந்தப் பெயருக்கு அஞ்சி சந்தா கட்டினார்களோ, அந்தப் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் இந்த ஆட்டக்காரர்கள்.

சபை பிறந்து 99 ஆண்டுகள் கழித்து, 1990-ல், இவர்களும் ஒரு சங்கம் கண்டார்கள்: காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கம். முன்னின்றவர் பெருங்கட்டூர் பெ. ராஜகோபால். கூத்துக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகவே பள்ளியை விட்டுவிட்டுத் தகப்பனார் பொன்னுசாமியோடு ஆட வந்தவர். உடன் நின்றவர் அவருடைய மனைவி ஹன்னே டி புருயின், நெதர்லாந்தின் லெய்டனில் கட்டைக்கூத்தைப் பற்றியே ஆய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். சபைக்காரர்கள் ஏற்கெனவே இருந்த மரியாதையைக் காப்பாற்றச் சங்கம் வைத்தார்கள். இவர்கள் இல்லாத மரியாதையைக் கேட்டுச் சங்கம் வைத்தார்கள். 2002-ல் புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலமும் வந்தது. கூத்துப் பயிற்சிக்காகப் படிப்பை விட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வளாகத்தில். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பி.ஏ. படித்தவர்கள் நடத்திய சபையில் பெண் வேஷத்துக்கு ஆண்களே போதும் என்று இருந்ததை நினைத்தால், இந்தத் துணிச்சலின் எடை தெரியும். குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. அங்கே பயின்ற பெண்கள் தாங்களே குழு அமைத்து ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள்.

சுகுண விலாச சபையின் பிறந்தநாளுக்கு ஒரு நாடக வரிசை போடும் பொறுப்பை யாராவது என்னிடம் கொடுத்தால், ஜூலை முதல் வாரத்தில் சம்பந்தத்தின் ‘மனோகரா’, ‘சபாபதி’, ‘அமலாதித்தியன்’ மூன்றும் சென்னையில் நடக்கட்டும் என்பேன். ஆறரை என்றால் ஆறரைக்கு ஆரம்பித்துவிட வேண்டும். கடைசி நாள் ஆட்டத்தை மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பாறையில் ஒற்றைக்காலில் தவம் நிற்பவன் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கூத்துக்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. ‘அர்ச்சுனன் தபசு’ அன்று பனை உயரக் கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலேயிருந்து பூவும் எலுமிச்சம்பழமும் வீசுவார்கள், கீழே பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் முந்தானையில் ஏந்துவார்கள். ஆட்டம் ராத்திரி பத்துக்குமேல் தொடங்கி விடியும்வரை. சபை உறுப்பினர்கள் அனைவரும் கடைசிவரை உட்கார வேண்டும், டிக்கெட் காசு முழுவதும் ஆடியவர்களுக்கே போக வேண்டும் என்று ஒரு விதியையும் சேர்த்துவிடலாம். விதிமுறை எழுதுவதில் அந்தச் சபைக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல பழக்கம் உண்டு.