கார் தோல் இருக்கை உறை: வீட்டில் தைத்தலும் பழுதுபார்த்தலும்

கார் இருக்கையின் தோல் உறையை வீட்டிலேயே செப்பனிடுவது குஷன் வேலையின் ஒரு பிரிவு. தையல் விட்ட ஓரத்தைக் கையால் மூட்டுவது, கிழிசலுக்கு அடியில் ஒட்டுப் போடுவது, நைந்த துண்டை மட்டும் மாற்றுவது, உறை முழுவதையும் புதிதாகத் தைப்பது ஆகியவை இதில் அடங்கும். முதல் இரண்டையும் பொறுமையுள்ள எவரும் செய்யலாம். மற்றவற்றுக்குத் தடித்த பொருள் தைக்கும் இயந்திரம் வேண்டும். துணியைத் தைக்கும்போது ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தையலைப் பிரித்தால் துளை மறைந்துவிடும். தோலில் விழுந்த துளை மூடுவதே இல்லை. இந்த வேலையின் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்து பிறந்தவை.

தோலின் இயல்பு

கார் இருக்கைக்குப் பெரும்பாலும் மாட்டுத்தோலே பயன்படுகிறது. பதனிட்ட தோலை ஏறத்தாழ 1 முதல் 1.4 மி.மீ. தடிமனுக்குச் சீவி, நிறமேற்றி, மேலே பாலியூரித்தேன் பூச்சுக் கொடுக்கிறார்கள். பல கார்களில் முதுகும் தொடையும் படும் இடங்களில் மட்டுமே தோல் இருக்கும். பக்கங்களிலும் பின்புறத்திலும் இருப்பது ரெக்ஸின். மேலே பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஓரத்தைத் திருப்பினால் தெரியும்: தோலின் அடிப்புறம் பிசிர்பிசிராக இருக்கும், ரெக்ஸினின் அடியில் துணி இருக்கும்.

ஒரே தோலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இழுபடாது. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளும். உட்காரும் இடத்துக்கு முதுகுப் பகுதியை வெட்டுவதும், வயிற்றுப் பகுதியைக் கண்ணில் படாத துண்டுகளுக்கு ஒதுக்குவதும் தொழில் வழக்கம். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். சென்னை பெரியமேடு தோல் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. வாங்கும்போது செருப்புத் தோலைத் தவிர்த்து, இருக்கைக்கென்றே பதனிட்ட தோலைக் கேட்டு வாங்க வேண்டும்.

தையல் விடுவதன் காரணம்

ஓட்டுநர் இருக்கையில் கதவை ஒட்டிய பக்கத் திண்டுதான் முதலில் பழுதாகும். ஏறும்போதும் இறங்கும்போதும் உடல் அதன்மேல் உரசுகிறது. வெயில் நூலை நலியச் செய்கிறது. ஊசி எடுக்கும் முன் அறுந்தது நூலா, தோலா என்று பார்க்க வேண்டும். நூல் மட்டும் அறுந்து, துளைகள் உருக்குலையாமல் இருந்தால் கைத்தையலே போதும். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குத் தோலே கிழிந்திருந்தால் புதுநூல் பற்றிக்கொள்ள இடமிராது. அந்தத் துண்டை மாற்றுவதே வழி.

நூலும் ஊசியும்

பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் மக்கிப்போகும். இழைகள் பிரியாதபடி பூச்சுக் கொடுத்த நைலான் நூலோ பாலியெஸ்டர் நூலோதான் ஏற்றது. நைலான் உராய்வை நன்றாகத் தாங்கும். வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டர் மேலானது. நூலின் பருமனை டெக்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள். 1,000 மீட்டர் நூலின் கிராம் எடைதான் அந்த எண். டெக்ஸ் 70 நூலுக்கு 18ஆம் எண் ஊசியும், டெக்ஸ் 90 நூலுக்கு 20ஆம் எண் ஊசியும் பொருந்தும். இயந்திரத்தில் தைக்கும்போது முனை கத்திபோல் வெட்டும் தோல் ஊசியைப் பயன்படுத்த வேண்டும்.

தையல் இடைவெளி 4 முதல் 5 மி.மீ. இருக்கலாம். துளைகள் நெருங்கினால் அந்த வரிசை அஞ்சல்தலை ஓரம்போலக் கிழிந்துவிடும். துண்டுகளை இணைத்துப் பிடிக்கக் குண்டூசி குத்தினால் அந்தத் தழும்பும் நிலைத்துவிடும். அதனால் கிளிப்பே நல்லது.

கழற்றாமல் தைத்தல்

சிறிய பிரிவை இருக்கையில் வைத்தே மூடலாம். வளைந்த ஊசியில் நூலைக் கோத்து, முடிச்சு உள்ளே மறையும்படி தொடங்கி, ஒரு பக்கத்துப் பழைய துளையில் நுழைந்து, எதிர்ப்பக்கத் துளையில் வெளிவந்து, ஏணிப்படிபோல் மாறிமாறிச் செல்ல வேண்டும். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை நூலை இழுத்தால் இரு ஓரங்களும் சேர்ந்து நூல் மறையும். புதுத் துளை போடக் கூடாது. நல்ல தையலின் மேலேயே இருபுறமும் மூன்று நான்கு துளை கடந்து தைத்தால் பிரிவு மேலும் நீளாது.

புதிய உறை

பழைய உறையே அளவுக்கு மாதிரி. பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டுக்கும் எண் இட்டு, இணையும் இடங்களில் குறுக்குக் கோடு போட வேண்டும். பல ஆண்டு இழுபட்ட துண்டுகளைப் பிரித்தபின் பொருத்துவது கடினம். இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால், நைவு குறைந்த பாதியைத் தாளில் வரைந்து மறுபாதிக்குத் திருப்பிப் போடலாம்.

சாதாரண வீட்டுத் தையல் இயந்திரத்தில் அடிப்பற்கள் மட்டுமே பொருளை நகர்த்தும். தோல் மேல்காலில் ஒட்டிக்கொள்வதால் மேலடுக்கு பின்தங்கி, ஓரங்கள் பொருந்தாமல் போகும். குஷன் கடைகளில் உள்ள இயந்திரத்தில் மேல்காலும் ஊசியும் சேர்ந்தே நகரும். மடிப்பு சேர்ந்து தடித்த இடங்களிலும் தையல் சீராக விழும்.

ஒட்டுப் போடுதல்

தையலுக்கு அப்பால் உள்ள சிறு கிழிசலுக்கு, அதைவிடப் பெரிய துணித்துண்டை அடியில் செருகி, வளையும் தன்மையுள்ள பசையால் ஒட்ட வேண்டும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்க வேண்டும். பின்னர் நிரப்பி, நிறம், மேற்பூச்சு என்ற வரிசையில் வேலை நடக்கும். உடனடியாகக் கெட்டிப்படும் பசை உட்காரும்போது வெடித்து, பக்கத்துத் தோலையும் கிழிக்கும்.

காற்றுப்பை உள்ள இருக்கை

பக்கவாட்டுக் காற்றுப்பையை முதன்முதலில் 1994இல் வோல்வோ நிறுவனம் கொண்டுவந்தது. இன்று பல கார்களில் அது இருக்கை முதுகின் பக்கத்திலேயே உள்ளது. விபத்தின்போது பை வெளியேறுவதற்காக அந்த இடத்துத் தையல் பிளந்து விலகும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதை வேறு நூலாலோ வேறு இடைவெளியிலோ தைத்தால் பை விரிவது தடைப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். காற்றுப்பைக் குறியுள்ள பக்கத்தை வீட்டில் தொடவே கூடாது. அதன்மேல் சாதாரண உறை போடுவதும் தவறு. இருக்கையைக் கழற்றும்போதும் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அடியிலுள்ள மின்இணைப்புகளைப் பிரிக்க வேண்டும்.

பராமரிப்பு

ஈரத்துணியில் மென்மையான சோப்பு நுரை எடுத்துத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுவது போதும். தையல் மடிப்பில் சேரும் மணல் நூலை அராவுவதால் அதை மென்தூரிகையால் எடுக்க வேண்டும். நிழலில் நிறுத்தும் காரில் நூலும் பூச்சும் நீண்ட நாள் உழைக்கும். இரண்டு தையல் விட்டதுமே மூட்டிவிடுவதுதான் மிகச் சிக்கனமான பழுதுபார்ப்பு. தள்ளிப்போட்டால் இழுவை முழுவதும் அடுத்த துளைகளின் மேல் விழுந்து, நூலோடு நின்றிருக்க வேண்டிய பழுது தோலுக்குப் பரவிவிடும்.