வீராங்கனை என்ற சொல்லின் வயது

வங்காளியர் 'பீராங்கனா' என்பது நம் வீராங்கனையைத்தான். 1971 போரில் பாகிஸ்தான் படையினரும் உள்ளூர்க் கூட்டாளிகளும் வன்புணர்வு செய்த பெண்களுக்கு, விடுதலை பெற்ற கையோடு வங்கதேச அரசு சூட்டிய பட்டம் அது. அவர்கள் 2 லட்சம் பேர் என்கிறது அரசு. பட்டம் கிடைத்த பலருக்கு வீடு திறக்கவில்லை. ஓர் எழுத்தைத் திரித்து 'பாராங்கனா', அதாவது வேசி, என்று ஊர் ஏசியது.

போரைக் கண்ட தலைமுறை இதை மறைக்க வேண்டிய விஷயமாகவே பார்த்தது. 1972இல் அமைந்த மறுவாழ்வு மையங்களில் கருக்கலைப்பு நடந்தது; பிறந்த குழந்தைகள் பலர் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள்; பெண்களுக்குத் திருமணம் செய்துவைக்க முயற்சி நடந்தது. 1975இல் முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்ட பிறகு பேச்சே அடங்கிப்போனது.

1992 மார்ச் 26 அன்று, போரில் மகனை இழந்த எழுத்தாளர் ஜஹனாரா இமாம் தலைமையில் டாக்காவில் 'மக்கள் நீதிமன்றம்' கூடியது. குஷ்டியாவிலிருந்து மூன்று பெண்கள் சாட்சிகளாக அழைத்து வரப்பட்டார்கள். அவர்கள் படம் நாளிதழ்களில் வந்தது. ஊர் திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது ஏளனம்.

2013 பிப்ரவரியில் ஷாபாக் சதுக்கத்தில் திரண்டவர்களில் பெரும்பாலோர் போருக்குப் பின் பிறந்தவர்கள். போர்க்குற்றவாளிகளுக்குத் தூக்கு என்பதே அவர்களது முதன்மைக் கோரிக்கை. அவர்களுக்கு பீராங்கனா ஒரு பெருமிதம்.

பெற்றோர் மறைத்தார்கள், பிள்ளைகள் பேசினார்கள் என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் தாய்மார், சகோதரிகளின் மானத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய விடுதலை என்ற வாசகம் இரு தலைமுறைகளுக்கும் பொது. பெண்ணின் மானம் அவள் உடலில் இருக்கிறது, அது பறிபோனது என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஒரு தலைமுறை அந்த இழப்பை மூடியது, அடுத்தது அதற்குப் பழிவாங்கக் கேட்டது. அவளுக்கு என்ன வேண்டும் என்று இருவருமே முதலில் கேட்கவில்லை.

சிற்பி ஃபிர்தௌசி பிரியபாஷினி போரைக் கண்ட தலைமுறைக்காரர்தான். 1990களின் இறுதியில் சொந்தப் பெயரில், முகம் காட்டி, தனக்கு நடந்ததைச் சொன்னார். ஆக, மௌனத்துக்குக் காரணம் வயது மட்டுமல்ல. பேசினால் யார் கூட நிற்பார்கள் என்ற கணக்கும்தான்.

2015இல் பீராங்கனாக்களை விடுதலைப் போராளிகளாக அரசு ஏற்றது. போராளிக்குரிய உதவித்தொகை அவர்களுக்கும் உரிமையானது. அதற்குள் 44 ஆண்டுகள் ஓடிவிட்டன. பலர் அதைப் பார்க்க உயிரோடில்லை.