தகரச் சீட்டின் சாட்சியம்

சென்ற தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக மலைநாட்டிலிருந்து ஒரு சிறு பொதி தபாலில் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் எனது பழைய நண்பர். ஆசிரியர் கலாசாலையில் இரண்டாண்டு காலம் என்னுடன் ஒரே அறையில் தங்கியிருந்தவர். பின்னர் தமது ஆசிரிய வாழ்வு முழுவதையும் தோட்டப் பாடசாலைகளிலேயே கழித்தவர். பொங்கலுக்குப் புத்தகம் ஒன்றை அனுப்புவது அவர் வழக்கம். இம்முறை பொதியைப் பிரித்தபோது புத்தகம் இருக்கவில்லை. பஞ்சிற் சுற்றிய ஒரு தகர வில்லையும் நான்கு பக்கக் கடிதமும் இருந்தன.

வில்லை உள்ளங்கையில் அடங்கக்கூடியது. விளிம்பு தேய்ந்து கறுத்திருந்தது. மேற்புறத்தில் நூல் கோப்பதற்கான துளை. நடுவில் அச்சுக் குத்திய ஓர் ஆங்கில எழுத்து. அதனையடுத்துச் சில எண்கள். நாணயமென்று கொள்ள அதில் மன்னனின் தலையும் இல்லை, பெறுமதியும் இல்லை. மாலை வகுப்புக்கு வந்திருந்த மாணவன் ஒருவன் அதனை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர், இது நாய்க்குக் கட்டுற தகடோ?" என்று கேட்டான். நானும் சிரித்துவிட்டேன். கடிதத்தைப் படித்து முடித்த பின்னர் அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டேன்.

நண்பரின் பாடசாலைக்கு அண்மையிலுள்ள லயமொன்றில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வருகிறார். அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தபோது கழுத்திற் கட்டியிருந்த தகரம் இது. பழம்பொருள் வாங்கித் திரிபவர் ஒருவர் இதற்கு நல்ல விலை பேசியிருக்கிறார். மூதாட்டி மறுத்துவிட்டு, "படிச்சுக் குடுக்குறவங்க கையில இருக்கட்டும் ஐயா" என்று கூறி நண்பரிடம் ஒப்படைத்தாராம். வரலாறு படிப்பிப்பவன் என்பதால் நண்பர் அதை என்னிடம் அனுப்பினார். வாங்கிக்கொண்டவன் அதன் வரலாற்றைச் சொல்லக் கடமைப்பட்டவனாகிறேன்.

இலங்கையின் மலைச்சாரல்களிற் கோப்பி பயிரிடப்பட்ட காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பினர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தனர். அவ்வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் தொகை பெரிது. 1869ஆம் ஆண்டிற் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் அப்பயிரை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மாத்திரமே ஆட்கள் பெருந்தொகையில் வேண்டும். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. எனவே குடும்பத்தோடு வந்து, திரும்பிப் போகாமல் தோட்டத்திலேயே தங்கும் உழைப்பாளர் துரைமாருக்குத் தேவைப்பட்டனர்.

அவர்களைக் கொண்டுவருபவன் கங்காணி. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளின் கிராமங்களுக்குத் தோட்டத்தின் முற்பணத்துடன் அவன் போவான். அங்கே நிலமற்ற கூலி விவசாயிகள் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சாதிக் கொடுமையின் அடித்தட்டில் நசுங்கியவர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின் நினைவு அவர்களை விட்டு நீங்கவில்லை. ஊர்க்கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் கங்காணி கொடுத்த பணம் புதிய கடனாயிற்று. கிராமத்திற் பண்ணையாருக்குக் கடன்பட்டிருந்தவன் இலங்கையிற் கங்காணிக்குக் கடன்பட்டவனானான். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே தன் கீழுள்ள தலைகள் குறையாமல் பார்த்துக்கொள்வது அவன் தொழிலின் உயிர்நாடியாயிற்று.

இம்முறையிலே தோட்டத்துரைமாருக்கு ஒரு தொல்லை இருந்தது. முற்பணத்தைப் பெற்ற கங்காணி அதனைச் செலவழித்துவிட்டு ஆளில்லாமல் திரும்பலாம். வழியிலேயே ஆட்களை வேறொரு தோட்டத்துக்கு விற்கலாம். இத்தொல்லைக்குப் பரிகாரமாக 1901ஆம் ஆண்டளவில் வந்ததுதான் தகரச் சீட்டு. எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்களும் குத்திய வில்லைகள் கங்காணியிடம் கொடுக்கப்பட்டன. அவன் சேர்க்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொன்று. அதனை அணிந்திருப்பவர் கையிற் காசில்லாமலே பயணம் செய்யலாம். சோறு, கப்பல், ரயில் ஆகிய செலவுகளெல்லாம் தகரத்தின் எண்ணைப் பார்த்து உரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். 1904ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலே தோட்டக்காரர் தமது ஆட்சேர்ப்பு அலுவலகத்தையும் நிறுவிக்கொண்டனர். காட்டுவழி நடை நின்றது. தூத்துக்குடியிலிருந்து கப்பலிற் கொழும்புக்கும், 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடி–தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்ட பின்னர் அவ்வழியாகவும் ஆட்கள் வந்தனர். தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் இருந்த முகாம்களில் அவர்களைத் தடுத்துவைத்து, நோய் பார்த்து, எண்ணி அனுப்பினர்.

மேலோட்டமாக நோக்குவோர் இதனை ஒரு முன்னேற்றமென்று கூறலாம். பாதையோரத்திற் பிணமாய் விழுவதிலும் ரயிற் பெட்டியில் இருந்து வருவது மேலல்லவா? அதில் உண்மை உண்டு. ஆயினும் அந்த ரயிற் கட்டணத்தை முடிவிற் கொடுத்தவர் யார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. தோட்டம் கட்டிய செலவு கங்காணியின் பற்றிலும், கங்காணியின் பற்று தொழிலாளியின் பற்றிலும் ஏறியது. தேயிலைச் செடியைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே அவன் கடனாளி. கழுத்திலே தொங்கிய தகரம் அவன் பெயரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவன் எவருடைய கணக்கைச் சேர்ந்தவன் என்பதை மாத்திரமே சொல்லியது. மூட்டையின் மேல் இடும் குறி எதைச் சொல்லுமோ அதையே இதுவும் சொல்லியது.

தோட்டத்துக்குள் வந்தபின் தகரத்தின் வேலை முடிந்தது. 'துண்டு' என்னும் காகிதத்தின் வேலை தொடங்கியது. ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்தை விட்டுப் போகவேண்டுமாயின், இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. கடனைக் கட்டும் புதிய துரை, அதே கடனைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அவர்களை ஏற்றுக்கொள்வான். துண்டில்லாமல் இரவோடிரவாக ஓடியவனைப் பிடிக்கச் சட்டம் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், வேலையை விட்டோடிய தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். உழைக்க மறுப்பது குற்றம். உழைப்பிக்கத் தந்த கடனோ புனிதமான வியாபாரம்!

இந்நிலை தானாக மாறிவிடவில்லை. ஓடினாற் சிறையென்று அறிந்தும் ஓடியவர்கள் இருந்தார்கள். எழுத்தறியாத அம்மக்களின் முதற் போராட்ட வடிவம் அதுவே. 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்த சேர் பொன்னம்பலம் அருணாசலம், தண்டனைப் பிரிவுகளையும் துண்டு முறையையும் ஒழிக்கக் குரல்கொடுத்தார். இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. 1921ஆம் ஆண்டிலே துண்டும் தண்டனைப் பிரிவுகளும் ஒழிந்தன. 1927ஆம் ஆண்டின் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழிசெய்தது. 1931ஆம் ஆண்டிற் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் கண்டார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். எண்களாய் வந்தவர்கள் பெயர்களாய் எழுந்து நிற்க நாற்பது ஆண்டுகள் சென்றன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டு மக்கள் தமது வாக்கினால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

அடுத்த ஆண்டே அவர்கள் அந்நியராக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனையும் உன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், விண்ணப்பிப்போர் 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர் தொடர்ச்சியாக, மணமானவராயின் ஏழு ஆண்டும் மணமாகாதவராயிற் பத்து ஆண்டும் இங்கே வசித்ததை நிரூபிக்கவேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துள் ஏறக்குறைய எட்டு இலட்சம் பேரின் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. 1964 வரையிற் பிரசாவுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே.

இங்கேதான் நண்பரின் கடிதத்திலிருந்த மற்றொரு செய்தியைக் கூறவேண்டும். தோட்டத்திற் பிறந்து தோட்டத்தில் உழைத்த மூதாட்டியின் தந்தையும் விண்ணப்பித்தவர்களில் ஒருவர். விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே பழைய ஆதாரமாகிய இத் தகரத்தைத் துணியில் முடிந்து எடுத்துச் சென்றாராம். விசாரித்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் பெயர் ஒன்றும் இல்லையே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

சட்டத்தின் எழுத்துப்படி அந்த அதிகாரி கூறியதிற் பிழையில்லை. பெயரில்லாத தகரம், குறிப்பிட்ட ஏழாண்டு வதிவை நிரூபிக்காது. ஆனால் அதிற் பெயரை எழுதாமல் விட்டவர் யார்? ஆளைக் கப்பலேற்றவும் ரயிலேற்றவும், கடனை ஒரு சதமும் தவறாமல் எழுதவும் அந்த எண் போதுமாயிருந்தது. பெரட்டுக்கு வந்தவர் எத்தனை பேர், வராதவர் எத்தனை பேர் என்று செக்ரோலிலே நாள் தவறாமற் குறித்த தோட்டத்துக்கு அம்மனிதன் அங்கே இருந்தான் என்பதில் ஒருநாளும் ஐயம் ஏற்பட்டதில்லை. வேலை வாங்குவதற்கு அவன் இருந்தான். வாக்களிப்பதற்கு அவன் இல்லை. கடனுக்குச் சாட்சியாகிய தகரம் உரிமைக்குச் சாட்சியாகவில்லை. தொழிலாளியை அடையாளங் காண்பதற்காக ஆளும் வர்க்கம் உண்டாக்கும் சின்னங்கள் யாருடைய தேவைக்காக உண்டாகின்றன என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டக்கூடிய பாடத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

பின்னர் நிகழ்ந்தவை நாமறிந்தவை. 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அம்மக்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மூதாட்டியின் அண்ணன் தலைமன்னாரிற் கப்பலேறினார். அவர் இங்கே தங்கினார். கடலின் அக்கரையில் வந்திறங்கியோரை ஏற்றது, முன்னர் பாட்டன்மாரை எண்ணியனுப்பிய அதே மண்டபம் முகாம். 1983ஆம் ஆண்டின் பின்னர் அகதிகளாய்ச் சென்றோரையும் அம்முகாமே ஏற்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், இங்கே நாடற்றவராயிருந்தோருக்கு ஒருவாறு பிரசாவுரிமை வழங்கியது. அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. விசாரணைக்குத் தகரத்தை எடுத்துச் சென்றவர் தோட்டத்து மண்ணில் நெடுநாளைக்கு முன்னரே அடங்கிவிட்டார்.

இன்று இத்தகைய தகரங்களுக்கு விலை உண்டு. நாணயம் சேர்ப்போர் தேடுகின்றனர். உல்லாசப் பயணிகள் தங்கும் பங்களாக்களின் சுவர்களைப் பழந் தோட்டப் பொருட்கள் அலங்கரிக்கின்றன. பொருளைப் போற்றுவதில் தவறில்லை. ஆனால் கண்ணாடிச் சட்டத்துள் ஏறியதும் அது யாருடைய கழுத்திலே கிடந்தது என்ற கேள்வி அறுந்துபோகிறது. துரைமாரின் அறிக்கைகளும் நினைவுக் குறிப்புகளும் சுவடிச் சாலைகளில் நிறைந்திருக்கின்றன. அவர்கள் எந்த ஆண்டில் எத்தனை ஏக்கரில் என்ன நட்டனர் என்பதை நாம் எளிதில் அறியலாம். நட்ட கைகளின் கதையோ முதியோரின் நினைவிலும், தகரப் பெட்டிகளின் அடியிலும், சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அரும்பாடுபட்டுத் திரட்டிய நாட்டார் பாடல்களிலுமே எஞ்சிக் கிடக்கிறது. 2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அந்தப் பழைய பாதையை மீண்டும் நமக்குக் காட்டினர். அவ்வழியில் விழுந்தவர்களின் பெயர்களைத் தேடும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

அது பெரிய ஆராய்ச்சியாளருக்கு மாத்திரம் உரிய வேலையன்று. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஓர் அலுமாரியும் ஒரு கொப்பியும் இருந்தாற் போதும். மாணவர் தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதத் தொடங்கலாம். எந்த ஊரிலிருந்து, யாருடன், எந்த வழியாக வந்தார்கள் என்ற மூன்று கேள்விகளே தொடக்கத்துக்குப் போதுமானவை. கேட்டுப் பதில் பெறக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலால் இதனைத் தள்ளிப்போடலாகாது.

நண்பருக்குப் பதில் எழுதினேன். பரிசுக்கு நன்றி கூறிய பின், மூதாட்டியிடம் சென்று அவருடைய பாட்டனாரின் பெயரைக் கேட்டெழுதும்படி வேண்டினேன். பத்து நாளிற் பதில் வந்தது. கறுப்பையா. ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அடுத்த வகுப்பிற் தகரத்தைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். நாய்க்குக் கட்டும் தகடோ என்று கேட்ட அதே மாணவனை அழைத்து, அப்பெயரைக் கரும்பலகையிலே எழுதச் சொன்னேன்.