இருவருக்கு ஒரு மேலங்கி

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜான் வைட் என்ற ஆங்கிலேயர் வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியம் இருக்கிறது. தோலாடை உடுத்திய ஒரு பெண் நிற்கிறாள். அவள் கழுத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தையின் முகம் எட்டிப் பார்க்கிறது. 1577இல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் வடதுருவப் பக்கம் தங்கம் தேடிப் போனபோது, இன்றைய கனடாவின் பாஃபின் தீவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த இனுயிட் தாயும் சேயும்தான் அவர்கள். ஆவணங்கள் அவர்களை அர்னாக், நுட்டாக் என்று குறிக்கின்றன. கூடவே ஓர் ஆணையும் பிடித்துவந்தார்கள். பிரிஸ்டலில் இறக்கி ஊருக்குக் காட்டினார்கள். அந்த ஆண் நவம்பரில் இறந்தார், சில நாளில் தாயும் போய்ச் சேர்ந்தாள். குழந்தையை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதுவும் பிழைக்கவில்லை.

தங்கம் என்று ஃப்ரோபிஷர் கப்பல் கப்பலாக அள்ளி வந்தது வெறும் கல் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பயணங்களில் மிஞ்சிய மதிப்புள்ள பொருள்களில் இந்த ஓவியமும் ஒன்று. கைக்குழந்தையோடு பனியில் நடமாடுவதற்கென்றே உருவான அமவுட்டி என்ற உடையை ஐரோப்பியர் ஒருவர் பார்த்து வரைந்த மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று அது.

ஓவியத்தைப் பார்ப்பவர்களுக்குக் குழந்தை குல்லாவுக்குள் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். பின்னால் வந்த பயணிகள் பலரும் அப்படித்தான் எழுதினார்கள், இன்றைக்கும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையில் குல்லாவுக்கும் குழந்தையின் எடைக்கும் சம்பந்தமே இல்லை. மேலங்கியின் முதுகுப்புறத்தைத் தளர்வாக வெட்டித் தைத்து, அங்கே ஒரு பையை உண்டாக்குகிறார்கள். குழந்தை அந்தப் பைக்குள் தாயின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். பைக்கு மேலே இருக்கிற பெரிய குல்லா இருவர் தலைக்கும் பொதுவான கூரை.

குழந்தை ஏன் கீழே நழுவுவதில்லை என்பதற்கு விடை வெளியே கட்டும் ஒரு வாரில் இருக்கிறது. பைக்கு அடியில், குழந்தையின் பிட்டத்துக்குக் கீழாக முதுகைச் சுற்றிவரும் அந்த வாரை முன்பக்கம் கொண்டுவந்து மார்புக்கு மேலே முடிந்துவிடுவார்கள். எலும்பிலோ தந்தத்திலோ செய்த குமிழ் அந்த முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். குழந்தை தூளியில் கிடப்பதுபோல் கிடக்காது. கால்களை அகட்டி, தாயின் இடுப்பைக் கவ்வியபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். தாய் முன்னால் குனிந்து, தோளுக்கு மேலாகக் குழந்தையைக் கழுத்துத் திறப்பு வழியாக உள்ளே இறக்கி, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினால் அது தன் இடத்தில் போய் அமர்ந்துவிடும்.

பனிக்குப் பயந்து குழந்தைக்கு அடுக்கடுக்காக உடுத்துவதுதானே எந்த ஊர் அம்மாவுக்கும் தோன்றும்? இனுயிட் பெண்கள் நேர்மாறாகச் செய்தார்கள். பைக்குள் போகும் குழந்தைக்குத் தலையில் மான்குட்டித் தோலில் தைத்த தொப்பி இருக்கும், மற்றபடி பெரும்பாலும் வெற்றுடம்பு. பாசியோ தோல் துண்டோ ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். குழந்தையின் தோல் தாயின் தோலில் படவேண்டும் என்பதுதான் கணக்கு. சூடு வருவது அவள் உடம்பிலிருந்து. அது வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே உடையின் வேலை. முன்பக்கம் திறப்பில்லாத மேலங்கி என்பதால் வெதுவெதுப்பான காற்று மேல்நோக்கித்தான் போகமுடியும், அதன் வழியில் குழந்தையின் முகம் இருக்கிறது. குழந்தை நெளிகிற விதத்திலேயே அது மூத்திரம் போகப்போகிறது என்று அம்மாக்கள் கண்டுகொண்டு வெளியே எடுத்துவிடுவார்களாம். நனைந்த முதுகோடு பனியில் நடப்பது உயிருக்கே ஆபத்து என்பதால் அந்தப் பழக்கம் சீக்கிரம் கைவந்திருக்கும்.

ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் தோள்பட்டையை மிக அகலமாக வைத்துத் தைக்கும் ஒரு வகை உண்டு. பார்த்தால் அளவு தெரியாமல் தைத்ததுபோல இருக்கும். ஆனால் பசித்த குழந்தையைப் பையிலிருந்து அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி மார்புக்குக் கொண்டுவந்து பால் கொடுத்து, மறுபடி முதுகுக்கே அனுப்பிவிட அந்த அகலம்தான் இடம் தருகிறது. மேலங்கியைத் திறக்கவே வேண்டாம். ஜனவரியில் சராசரி வெப்பநிலை மைனஸ் 27 டிகிரியை ஒட்டி நிற்கும் பாஃபின் தீவின் இக்கலூயிட் போன்ற ஊரில் இதைச் சாதாரண வசதி என்று சொல்லிவிட முடியாது. பின்னால் தொங்கும் நீண்ட வாலுக்கும் வேலை இருக்கிறது. பனியில் உட்காரும்போது அதுவே மணை.

இந்த உடையின் பாதிப் புகழ் கரிபூ மானுக்குச் சேரவேண்டும். கரிபூவின் ரோமம் உள்ளீடற்றது. ஒவ்வொரு மயிரும் காற்றைச் சிறைபிடித்து வைக்கிறது. கடுங்குளிருக்கு இரண்டு அடுக்கு உடுத்துவார்கள். உள்ளடுக்கின் ரோமம் உடம்பைப் பார்த்து, வெளியடுக்கின் ரோமம் காற்றைப் பார்த்து. எந்த மாதத்துத் தோலும் ஆகாது. கோடை முடிந்து, புது ரோமம் வளர்ந்து, அது ரொம்பத் தடித்துப்போகாத இலையுதிர்காலத் தொடக்கத்து வேட்டைத் தோல்தான் உடைக்கு உகந்தது. ஊலு என்ற அரைவட்டக் கத்தியால் வெட்டி, மானின் முதுகுத் தசைநாணைப் பிரித்த நூலால் தைத்தார்கள்.

தைப்பதற்கும் காலக்கெடு இருந்தது. நிலத்து மானின் தோலையும் கடல் விலங்கையும் கலக்கக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. குளிர்கால முகாம் கடற்பனிக்கு நகர்வதற்குள் கரிபூ உடைகளைத் தைத்து முடித்துவிட வேண்டும், அங்கே போனபின் ஊசி எடுத்தால் தீட்டு. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸும், 1921 முதல் 1924 வரை ஐந்தாம் தூலே பயணத்தை நடத்திய க்னுட் ராஸ்முசெனும் இத்தகைய விலக்குகளை விரிவாகப் பதிவுசெய்தார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்கு முன் அதன் விளைவைப் பார்க்கவேண்டும். இருள் சூழ்ந்து குளிர் இறுகும்போது ஒருவரும் அரைகுறை உடையோடு அகப்பட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஃப்ரோபிஷர் வருவதற்கு முன்பே இந்தத் தையல் எவ்வளவு தேறியிருந்தது என்பதற்குக் கிரீன்லாந்தின் கிலாகிட்சோக் சாட்சி. 1972இல் அங்கே ஒரு பாறைச் சரிவின் அடியில் குளிரில் உலர்ந்த எட்டு உடல்கள் கிடைத்தன. ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகள், அதில் ஒன்று ஆறு மாதக் கைக்குழந்தை. 1475ஆம் ஆண்டு வாக்கில் புதைக்கப்பட்டவர்கள். அவர்களோடு கிடைத்த 78 உடைகளில் பெரும்பாலானவை சீல் தோல். உள்ளாடைகளுக்குப் பறவைத் தோலையும் இறகோடு பயன்படுத்தியிருந்தார்கள்.

திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்தபிறகு அமவுட்டியின் மார்புப்பக்கம் மாறியது. கண்ணாடி மணிகள் கொத்துக்கொத்தாக ஏறின. உலோகக் கரண்டியின் குழிந்த பாகத்தையும் காசுகளையும்கூடக் கோத்துத் தொங்கவிட்டார்கள். 1895க்கும் 1912க்கும் இடையே ஹட்சன் விரிகுடாவில் பல குளிர்காலங்களைக் கழித்த கப்பல் தலைவர் ஜார்ஜ் கோமர், போவாஸ் கேட்டுக்கொண்டதால் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு உடைகளும் கருவிகளும் சேகரித்து அனுப்பினார். முதுகுப் பையின் வெட்டிலோ இந்த அலங்காரம் கைவைக்கவில்லை.

உலகத்துக்கு அமவுட்டியைக் காட்டியது சினிமா. ராபர்ட் ஃபிளாஹெர்ட்டியின் ‘நானூக் ஆஃப் த நார்த்’ 1922இல் வெளியானது. அதில் நைலா என்ற பாத்திரத்தின் மேலங்கிக்குள்ளிருந்து வெற்றுடம்போடு குழந்தை வெளியே வருவதைப் பார்த்துப் பார்வையாளர்கள் அசந்துபோனார்கள். அந்தப் படத்தில் நாடகமாக ஏற்பாடு செய்த காட்சிகள் நிறைய உண்டு என்பது ஊரறிந்த விஷயம். குழந்தையைச் சுமந்த முறை அந்தப் பட்டியலில் சேராது.

மற்ற குளிர் நாடுகள் வேறு விடைகளைக் கண்டன. வட ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் மரத்தில் குடைந்து தோல் போர்த்திய படகு வடிவத் தொட்டிலில் குழந்தையை இறுக்கிக் கட்டி, தோளிலோ கலைமான் மீதோ தொங்கவிட்டுப் பயணம் போனார்கள். மந்தையோடு நெடுந்தூரம் நகர்கிறவர்களுக்கு அது ஏற்றதுதான். ஆனால் கால்களை நீட்டிக் கட்டும் இத்தகைய பழக்கத்தால் இடுப்பு மூட்டு நழுவும் கோளாறு கூடுகிறது என்று இருபதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் கண்டார்கள். அமவுட்டிக் குழந்தை உட்காரும் அகன்ற நிலையோ இடுப்புக்கு நல்லது என்று அதே மருத்துவம் சொல்கிறது.

ஜப்பானியர் இனுயிட் வழிக்கு நெருக்கமாக வந்தார்கள். குழந்தையை வாரால் முதுகில் கட்டி, அதற்கு மேல் பஞ்சு வைத்துத் தைத்த நென்னெகோ என்ற தொளதொள மேலாடையை இருவருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒரே கழுத்துப்பட்டையில் இரண்டு தலைகள். கொரியாவின் பொதேகியிலும் குளிர்காலத்துக்கென்று பஞ்சடைத்த வகை உண்டு. வேல்ஸ் பெண்கள் கம்பளிச் சால்வையாலேயே தங்களையும் குழந்தையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டார்கள்.

நவீன மேற்குக்கு இந்த ஞானம் தாமதமாக வந்தது, அதுவும் வெப்ப நாட்டிலிருந்து. 1960களில் பீஸ் கோர் தொண்டராக டோகோவில் இருந்த ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ், அங்கே தாய்மார் குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டுக் கொலராடோ திரும்பி ஒரு துணிப்பையை உருவாக்கினார். ஸ்னக்லி என்ற அந்தப் பைக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. டோகோவில் எழாத ஒரு சிக்கல் மலைப்பனியில் எழுந்தது. கோட்டுக்கு மேல் பையைக் கட்டினால் தாயின் சூடு குழந்தைக்குப் போகாது. கோட்டுக்கு அடியில் கட்டினால் பொத்தான் பூட்டாது. இன்று கடைகளில் விற்கும் குழந்தை சுமக்கும் ஜாக்கெட்டுகள், ஜிப் வைத்த ஒரு கூடுதல் துண்டைச் செருகி அந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. பாஃபின் தீவில் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அங்கே கோட்டும் பையும் ஒன்றுதான்.

தோல் அமவுட்டி இன்று அரிது. ஹட்சன் பே கம்பெனிக் கடைகள் வழியாக வந்த டஃபிள் கம்பளி உள்ளடுக்காகவும், காற்று புகாத பருத்தித் துணி வெளியடுக்காகவும் ஆகிவிட்டன. வெட்டு மட்டும் பழையதுதான். அந்த வெட்டை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற கவலையில், கனடாவின் இனுயிட் பெண்கள் அமைப்பான பவுக்டூடிட் 2001இல் ராங்கின் இன்லெட் ஊரில் ஒரு பட்டறை கூட்டியது. பெயர் சொல்லக்கூடியவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததற்குத்தான், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே, காப்புரிமைச் சட்டம் காவல் நிற்கும். பாட்டிகள் பேத்திகளுக்குக் கையால் அளந்து கற்றுக்கொடுத்ததற்கு யார் பெயரில் விண்ணப்பம் போடுவது? அமவுட்டி எல்லா இனுயிட் பெண்களுக்கும் பொதுச் சொத்து என்று அங்கே கூடிய பெண்கள் சொன்னார்கள்.

கரிபூ குறைந்துபோனதும் இன்னொரு அடி. பாஃபின் தீவில் எண்ணிக்கை சரிந்ததால் 2015 ஜனவரியில் அந்தத் தீவு அடங்கிய நுனாவுட் பிரதேசத்தின் அரசு வேட்டையை முற்றிலும் நிறுத்தியது. பிறகு ஆண் மான்களுக்கு மட்டும் அளவோடு அனுமதி கொடுத்தது. தோல் தைக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் இளம்பெண்கள் இப்போது ஆசிரியை கிடைத்தாலும் தோலுக்குக் காத்திருக்கிறார்கள். துணி அமவுட்டிக்கு அந்தத் தடை இல்லை. இக்கலூயிட்டின் கடைகளிலும் அலுவலகங்களிலும் அம்மாக்கள் கைகளை வீசி நடக்கிறார்கள், முதுகில் குழந்தை தூங்குகிறது.