பால்மரத்தின் நேரமும் படிப்பின் நேரமும்: பேராக் தோட்டங்களின் தை மாதம்

ஓய்வும் வசதியும் உள்ளவர்களிடமே இலக்கிய ஆர்வமும் கலை முயற்சியும் வளரும் என்ற பொதுக் கருத்துக்கு, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் வரலாறு மறுப்பாக நிற்கிறது. விடியும் முன்பே எழுந்து நண்பகல் கடந்தும் உழைத்தவர்கள், மிஞ்சிய சிறிதளவு தெம்பைக் கொண்டு நாளிதழ் படித்தனர், கதை எழுதப் பழகினர், நாடகம் போட்டனர், சொற்போட்டிகள் நடத்தினர். இவை அனைத்தும் ஆண்டில் ஒரு மாதத்தில், குறிப்பாகத் தை மாதத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிந்தன. அந்த மாதம் எவ்வாறு உருவாயிற்று, அதன் சுமையை யார் எப்படித் தாங்கினர், பின்னர் அது ஏன் தளர்ந்தது என்பவற்றை விளக்க, முதலில் தோட்ட வேலையின் இயல்பை அறிய வேண்டும்.

பேராக்கில் தமிழ்த் தொழிலாளர் குடியேற்றம் ரப்பருக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்கும், பிற பகுதிகளின் காப்பித் தோட்டங்களுக்கும் அவர்கள் வந்தனர். 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் மாளிகைத் தோட்டத்தில் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று முதிய மரமாக அந்நகரில் இன்றும் காட்டப்படுகிறது. ஆயினும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி மரத்துக்குக் கேடின்றிப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்து, மோட்டார் வாகனத் தொழிலும் வளர்ந்த பின்னரே ரப்பர் பெரும் பயிராயிற்று. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கு ஈயச் சுரங்கங்களால் செழித்தபோது, சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் அன்சன் எனப்பட்ட இன்றைய தெலுக் இந்தான் முதலிய ஊர்களைச் சுற்றியிருந்த நிலம் பால்மரக் காடாக மாறியது. ஊரிலிருந்து உறவினரையும் ஊராரையும் திரட்டிக் கொணர்ந்து, அவர்களுக்கு மேலாளாகவும் இருந்த கங்காணியின் வழியே ஆள் சேர்க்கும் முறை, 1938இல் உடலுழைப்பாளர் மலாயா செல்ல உதவி வழங்குவதை இந்திய அரசு தடை செய்யும்வரை நீடித்தது.

ரப்பர் மரத்தின் பால், பட்டைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில்தான் நன்கு வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து, வெட்டுவாயில் பால் உறைந்துவிடும். தோட்டத்தின் நாள் முழுவதையும் இந்த ஒரு காரணமே வகுத்தது. இருள் பிரியும் முன் ‘பெரட்டு’ எனப்படும் ஆள் கணக்கெடுப்பு நடைபெறும். தண்டல் எனும் மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்த பின், ஒவ்வொருவரும் தமக்குரிய நிரைக்குச் சென்று, ஏறத்தாழ 300 முதல் 400 மரங்கள்வரை ஒவ்வொன்றாகச் சீவி, மங்கு எனப்படும் சிறு கிண்ணத்தில் பால் சொட்ட வைப்பர். வெட்டி முடித்துச் சற்றே இளைப்பாறிய பிறகு, அதே வழியில் திரும்பி நடந்து, மங்குகளிலிருந்து பாலை வாளிகளில் சேர்த்து, காண்டா எனும் தோள் தடியில் தூக்கி நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டு செல்வர். முந்திய நாள் வெட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலையும் உரித்துத் தனியே ஒப்படைக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து லயம் எனப்படும் வரிசை வீட்டுக்குத் திரும்பும்போது பெரும்பாலும் நண்பகல் கடந்துவிடும். உடல் அயர்ந்தபோதிலும் பொழுது மிஞ்சியது. தோட்டத்தில் படிப்புக்கும் கலைக்கும் வாய்ப்பளித்தது இந்தப் பிற்பகலும் முன்னிரவுமே.

ஆண்டுக்கும் இதே போன்ற ஓர் ஒழுங்கு இருந்தது. மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு நின்றுவிடும். நாள்கூலி முறையில் அந்த நாளின் வருமானமும் நின்றுவிடும். ஆண்டின் இறுதி மாதங்களில் மழை மிகும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது பால் குறையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தை மாதத்தில் வேலை ஓரளவு சீராக நடைபெற்றதால் கையில் காசு புழங்கியது. அதே காரணத்தால் உடலுக்கு ஓய்வும் குறைந்தது. புதிய கல்வியாண்டின் தொடக்கமும், பொங்கலும், தைப்பூசமும் அம்மாதத்தை ஒட்டியே வந்தன. ஈப்போவில் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ குன்றடியிலுள்ள கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடிகள் செல்லும் நாளுக்காகச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பலர் விரதம் இருந்தவாறே காலையில் மரம் வெட்டவும் சென்றனர்.

படிப்பின் அடித்தளம் எளிதில் அமையவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நடைமுறையில் பல பள்ளிகள் ஒரே அறையும் ஓர் ஆசிரியரும் கொண்டவையாக இருந்தன. சிலவற்றில் கிராணி எனப்பட்ட அலுவலக எழுத்தரோ, எழுத்தறிந்த கங்காணியோ பாடம் சொன்னார். இத்தகைய பள்ளிகளிலிருந்து வெளிவந்தவர்கள் பெரும் புலமை பெறாவிடினும், தமிழ் அச்சைத் தடையின்றி வாசிக்கும் ஒரு தலைமுறையாக உருவாயினர்.

அத்தலைமுறைக்கு வாசிக்கக் கிடைத்தவற்றுள் முதன்மையானவை நாளிதழ்கள். 1924இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935இல் கோ. சாரங்கபாணியின் முயற்சியால் சிங்கப்பூரில் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஆகிய இரண்டும் தோட்டங்களை எட்டின. இதழ் வாங்கும் வசதியோ தனியே அமர்ந்து படிக்கும் தெம்போ எல்லோருக்கும் இல்லாத நிலையில், ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பது வழக்கமாயிற்று. எழுத்தறியாதவரும் உலகச் செய்தியையும் தொடர்கதையையும் அறிந்தது இம்முறையாலேயே. படித்துக் காட்டியவரின் குரல் ஓய்ந்தபின் தொடர்ந்த விவாதமே பலருக்கு அரசியல் கல்வியாகவும் அமைந்தது. 1929 டிசம்பரில் ஈ.வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டதும், சாதி மறுப்பு, மதுவிலக்கு, சிக்கனத் திருமணம் பற்றிய பேச்சு இத்தகைய வாசிப்புக் கூட்டங்களுக்குள் புகுந்தது. மாலை நேரத்துக்குத் தோட்ட நிர்வாகம் அளித்திருந்த ஒரே எளிய பொழுதுபோக்கு கள்ளுக்கடை என்பதால், படிப்பகம் அமைப்பதும் நாடகம் போடுவதும் அதற்கு மாற்றாகச் சீர்திருத்தக்காரர்களால் முன்வைக்கப்பட்டன.

இவ்வளர்ச்சி இருமுறை அறுபட்டது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் தோட்டத் தமிழர்கள் பெருந்தொகையாகச் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். போருக்குப்பின் தொழிற்சங்க இயக்கம் வலுப்பெற்ற வேளையில், 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960வரை நீடித்தது. ஊரடங்கும் முள்வேலியும் நிலவிய ஆண்டுகளில் இரவுக் கூட்டம் ஐயத்துக்குரியதாயிற்று. அரசு வழங்கிய பொது வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்பது அனுமதிக்கப்பட்டது. அரசியல் பேச முடியாத அச்சூழலில் மொழி, இலக்கியம், பண்பாடு ஆகியவை இளைஞர்களின் ஊக்கம் பாய்வதற்கு எஞ்சிய வழிகளாயின என்று கருத இடமுண்டு. 1950களின் எழுச்சி அவசரகாலத்தின் நடுவிலேயே நிகழ்ந்தது என்பது இதற்குச் சான்று.

அந்த எழுச்சிக்கு மூன்று முயற்சிகள் உருவம் கொடுத்தன. முதலாவது, 1950–51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ இதழில் நடத்திய ‘கதை வகுப்பு’. சிறுகதை எழுதும் முறையை நாளிதழ்ப் பக்கத்தில் பாடமாகக் கற்பித்து, வாசகர்களை எழுதத் தூண்டிய இம்முயற்சி, நகருக்குச் சென்று பயில வாய்ப்பற்ற தோட்டத்து இளைஞர்களையும் மாணவர்களாக்கியது. 1953இல் தமிழ்நாட்டிலிருந்து வந்து 1957வரை அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் அமைத்து அப்பயிற்சியை அடுத்த நிலைக்குக் கொண்டு சென்றார். இரண்டாவது, ‘தமிழ் முரசு’ மாணவர்களுக்கென வெளியிட்ட மாணவர் மணிமன்ற மலர். பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடமளித்த இம்மலரின் வாசகர்கள் ஆங்காங்கே மணிமன்றங்களாகத் திரண்டனர். மூன்றாவது, 1952இல் சாரங்கபாணி தொடங்கிவைத்த ‘தமிழர் திருநாள்’. பொங்கலைச் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கொண்டாடும் பண்பாட்டு விழாவாக்கிய இது, சிங்கப்பூரிலிருந்து தீபகற்பமெங்கும் பரவி, பேச்சு, கட்டுரை, கவிதை, கோலம், விளையாட்டு, நாடகம் என்று போட்டிகளை ஏற்படுத்தியது.

தோட்டத்தின் தை மாதம் மிகுந்த பரபரப்புக்குரியதாக மாறியது இந்த மூன்றும் ஒன்றுகூடியதால்தான். போட்டிக்குக் கட்டுரை எழுதுபவர் அதற்காகப் படிக்க வேண்டும். நாடகத்தில் நடிப்பவர் வசனம் மனப்பாடம் செய்ய வேண்டும். மேடை கட்டவும், திரைச்சீலை தீட்டவும், நன்கொடை திரட்டவும், விருந்தினரை வரவேற்கவும் ஆள் வேண்டும். ‘அரிச்சந்திரன்’, ‘வள்ளி திருமணம்’ போன்ற பழைய கூத்துகளோடு சீர்திருத்தச் சமூக நாடகங்களும் இடம்பெற்ற அம்மேடைகளுக்கு இரவில் ஒத்திகை நடக்கும். ஒத்திகை முடித்து உறங்கியவர் சில மணி நேரத்தில் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைய கூலி இல்லை என்பதால், கலை ஆர்வத்தின் விலை உறக்கத்தில் செலுத்தப்பட்டது.

இச்சுமையைத் தனியொருவரால் தாங்க முடியாது என்பதை அறிந்தே தோட்டச் சமூகம் அதைப் பங்கிட்டுக்கொண்டது. எழுத்து வல்லவர் நாடகப் பிரதி எழுத, அழகிய கையெழுத்துடையவர் அதைப் படியெடுத்தார். ஆசிரியர் உச்சரிப்பைத் திருத்தினார். தச்சு தெரிந்தவர் மேடை அமைத்தார். தையல் இயந்திரம் வைத்திருந்த வீடு உடை தைத்துக் கொடுத்தது. வாசிப்பிலும் ஒரு பிரதி பல வீடுகளுக்குக் கைமாறிச் சென்றது. வரையறுக்கப்பட்ட ஆற்றலைக் கொண்டு பெரிய காரியத்தை முடிப்பதற்குத் தோட்டம் கண்ட வழி இக்கூட்டுழைப்பே.

ஆயினும் இப்பங்கீடு எல்லோரிடமும் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. ஆண்களோடு சம அளவில் மரம் வெட்டிய பெண்கள், அதற்கு முன் சமைத்துவைத்து, கைக்குழந்தையை ஆயக்கொட்டகை எனும் பிள்ளைக் காப்பகத்தில் விட்டு வந்தனர். ஆண்களுக்கு ஓய்வாக அமைந்த பிற்பகல் அவர்களுக்கு இரண்டாம் வேலைநேரமாக இருந்தது. படிப்பகத்திலும் மேடையிலும் அவர்கள் குறைவாகவே காணப்பட்டதற்கு விருப்பமின்மை காரணமன்று. தாலாட்டு, ஒப்பாரி, வேலைப் பாட்டு ஆகிய வாய்மொழி வடிவங்களில் அவர்களின் படைப்பாற்றல் தொடர்ந்து இயங்கிற்று; ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ என்ற நூலின் வழியாக முத்தம்மாள் பழனிசாமி அம்மரபின் ஒரு பகுதியை அச்சில் காத்தார். கையில் உளியும் இடுப்பில் குழந்தையும் இருந்தவர்களுக்குப் பாட்டே எழுதுகோலாயிற்று.

இந்தப் பண்பாட்டின் தளர்ச்சிக்குத் தொலைக்காட்சியையும் திரைப்படத்தையும் மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, அவை சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கப்பட்டன. தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இதை எதிர்கொள்ளத் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை, சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் 1954இல் அங்கு மகாத்மா காந்தி கலாசாலை எழக் காரணமானவருமான வீ.தி. சம்பந்தன் 1960இல் நிறுவினார். அம்முயற்சியால் காக்கப்பட்டவை சிலவே. 1969 முதல் குடியுரிமையற்றவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டதால் பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். பின்னர் ரப்பருக்குப் பதிலாகக் குறைந்த ஆட்களே தேவைப்படும் செம்பனை நடப்பட்டு, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் புந்தோங் போன்ற ஈப்போவின் புறப்பகுதிகளுக்கும் தொழிற்சாலை நகரங்களுக்கும் சிதறின. விடுதலையின்போது நாடெங்கும் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு. அவற்றுள் மிகுதியானவை பேராக்கில்தான் உள்ளன. ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோயிற்று.

நகருக்குச் சென்றவர்களுக்குக் கூலி உயர்ந்திருக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் வேலை முடித்து, ஒரே இடத்தில் கூடி, ஒருவர் களைப்பை மற்றவர் ஈடுசெய்த அமைப்பு அங்கே இல்லை. பேராக் தோட்டங்களின் வரலாறு காட்டும் முடிவு இதுவே: தமிழ் வாசிப்பைத் தோட்டங்களில் வாழவைத்தது கூட்டு வாழ்க்கை; அது கலைந்தபோது ஆர்வம் எஞ்சியும் தெம்பு போதவில்லை.

அக்காலத் திருநாள் மலர்கள், கையால் எழுதிய நாடகப் பிரதிகள், மன்றக் குறிப்பேடுகள் ஆகியவை பல வீடுகளின் பழைய பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்ப்பதற்காக, சாரங்கபாணியின் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வெள்ளி கொடுத்தனர். அவர்கள் எழுதியவையும் அதே நூலகத்தில் இடம்பெற வேண்டும். அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் கறையான் முந்துமுன் ஒப்படைப்பது, அந்த முன்னோருக்குச் செய்யும் தலையாய கடமை.