உமித்தணல்: ஹில் டாப் பண்ணையில் ஒரு காதல்

மனம் உடைந்த நகரத்துப் பெண் ஒருத்தி சின்ன ஊரில் பண்ணை வாங்குவாள். யாருக்கும் வேண்டாத ஆடு, நாய், குதிரை எல்லாம் அங்கே வந்து சேரும். அதிகம் பேசாத உள்ளூர்க்காரர் ஒருவர் வேலி கட்ட வருவார். முந்நூறு பக்கம் கழித்து இருவரும் கைகோர்ப்பார்கள். ஆங்கிலத்தில் இந்த மாதிரி நாவல்கள் ஏராளம். படித்துவிட்டு 'இதெல்லாம் நிஜத்துல நடக்குமா' என்று சிரிப்போம்.

நடந்திருக்கிறது. அந்தப் பெண்ணை நமக்கும் தெரியும். நீலச் சட்டை போட்ட முயலை வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டர்.

1905 ஜூலையில், தன் புத்தகங்களைப் பதிப்பித்த நார்மன் வார்னை மணக்க பாட்டர் சம்மதித்தார். லண்டன் கென்சிங்டனில் வசதியாக வாழ்ந்த பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வியாபாரக் குடும்பமாம். இத்தனைக்கும் அவர்களுடைய சொத்தே பருத்தித் துணி வியாபாரத்தில் வந்ததுதான். ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 25 அன்று, வார்ன் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த வருடக் கடைசிக்குள் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், நியர் சாரி என்ற குட்டிக் கிராமத்தில், ஹில் டாப் பண்ணை பாட்டர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 39.

2006-இல் வந்த 'மிஸ் பாட்டர்' திரைப்படம் பெரும்பாலும் அந்த ஒரு மாத நிச்சயதார்த்தத்தையே சுற்றுகிறது. அதற்குப் பிறகு வந்த முப்பது வருட தாம்பத்தியம் கடைசியில் ஓரமாக எட்டிப் பார்க்கிறது. எனக்கு இதில்தான் உறுத்தல். பாதியில் அறுந்துபோன காதலைச் சொல்ல ஆயிரம் வழி வைத்திருக்கிறோம். நின்று நீடித்த காதலை எப்படிச் சொல்வது?

நிலப்பத்திரத்தில் தொடங்கிச் சொல்லலாம். ஹில் டாப் வாங்கிய காலத்தில் ஒரு நிலத்துக்கு பாட்டர் அதிக விலை கொடுத்து ஏமாந்திருந்தார். அடுத்த முறை உள்ளூர் விவரம் தெரிந்த வழக்கறிஞர் தேவைப்பட்டார். பக்கத்து ஊரான ஹாக்ஸ்ஹெட்டில் தொழில் செய்த வில்லியம் ஹீலிஸ் அப்படித்தான் வந்தார். பாட்டரைவிட ஐந்து வயது இளையவர், அமைதியானவர். 1909-இல் ஹில் டாப்புக்கு எதிரே இருந்த காஸல் பண்ணையை வாங்கியது அவர் மூலமாகத்தான். பெற்றோருக்காக பாட்டர் வருடத்தில் பெரும்பகுதி லண்டனில் இருந்தாக வேண்டும். அவர் இல்லாதபோது வேலைகளைக் கவனித்தவர் ஹீலிஸ். எல்லைச் சுவர், தண்ணீர்க் குழாய், விலைக்கு வரும் நிலம். இருவருக்கும் இடையே வருடக்கணக்காக ஓடிய பேச்சு இதுதான். உமியில் விழுந்த நெருப்பு மாதிரி, மேலே ஒன்றும் தெரியாது.

1912-இல் ஹீலிஸ் கேட்டார், பாட்டர் சரி என்றார். மறுபடியும் வீட்டில் எதிர்ப்பு. கிராமத்து வக்கீலா மாப்பிள்ளை? உதவிக்கு வந்தவர் தம்பி பெர்ட்ராம். தனக்குக் கல்யாணமாகி 11 வருடமாகிறது, அதுவும் வீட்டுக்குத் தெரியாமல் என்று போட்டு உடைத்தார். 1913 அக்டோபர் 15 அன்று திருமணம். மணமகளுக்கு 47 வயது.

அதே மாதம் வெளிவந்தது 'பிக்லிங் பிளாண்ட்'. சந்தைக்கு அனுப்பப்பட்ட பன்றிக்குட்டி, அடைபட்டுக் கிடந்த கறுப்புப் பெண்குட்டியைக் கூட்டிக்கொண்டு தப்பி ஓடும் கதை. நல்ல வம்சமில்லை என்று பண்ணை மேலாளர் வேண்டாமென்ற ஒரு கறுப்புக் குட்டியை, பாட்டரே புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருக்கிறார். கதையில் கைகோர்த்து நிற்கும் ஜோடி தானும் ஹீலிஸும் அல்ல என்று தோழிக்கு எழுதினார். நம்புவது நம் விருப்பம்.

நாவல் என்றால் இங்கே முடிந்துவிடும். இவர்களுக்கு வேலையே இதற்குப் பிறகுதான். பாட்டர் 'மிஸஸ் ஹீலிஸ்' ஆனார், படம் வரைவது குறைந்தது, ஹெர்ட்விக் ஆடுகள் கூடின. அந்த மலைக்கே உரிய, முரட்டுக் கம்பளி கொண்ட இனம் அது. மலையில் வேலி கிடையாது. தன் மேய்ச்சல் எல்லையைக் குட்டி தாயிடமிருந்து கற்றுக்கொள்கிறது. மந்தையை ஒருமுறை விற்றுவிட்டால் அந்த நினைவும் போச்சு. அதனால் அங்கே பண்ணை கைமாறினாலும் மந்தை மலையிலேயே இருக்கும். குத்தகைக்காரர் எத்தனை ஆடு வாங்கினாரோ, போகும்போது அத்தனையை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இது செல்லப்பிராணிகளின் சரணாலயம் இல்லை. அந்தக் குட்டிகள் இறைச்சிக்கும் விற்கப்பட்டன. முயலுக்குச் சட்டை போட்டவர் இதில் கூச்சப்படவில்லை. அவர் காப்பாற்ற நினைத்தது ஒரு ஆட்டை அல்ல, ஆடும் மலையும் மனிதரும் சேர்ந்த ஏற்பாட்டை. 1920களில் டிரவுட்பெக் பார்க் என்ற பெரிய பண்ணையை வாங்கி, நோய் பிடித்துக் கிடந்த மந்தையைத் தேற்றினார். 1943-இல் ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்வானார். பதவியேற்கும் முன்பே, டிசம்பர் 22 அன்று காலமானார்.

4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போனது. பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பது உயிலின் விருப்பம். ஹீலிஸ் 1945 ஆகஸ்டில் இறந்தார். இடைப்பட்ட இருபது மாதமும் அவர் பார்த்தது பழைய வேலைதான். மனைவியின் நிலங்கள் சரியாகப் போய்ச் சேருகின்றனவா என்ற வேலை. இந்தக் கதையில் காதல் வசனம் தேடுகிறவர்கள் அந்த இருபது மாதத்தைப் படிக்கலாம்.